தானே மடங்கும் தக்கைப்பூண்டு

புன்னைமடை விவசாயிகள் சங்கத்தில் முன்வரிசையில் ஒருவர் தலையாட்டினால் கடைசி வரிசை வரைக்கும் தலைகள் ஆடும். எதற்கு ஆட்டினோம் என்பதை வீட்டுக்குப் போகிற வழியில் ஒருவரையொருவர் கேட்டுத் தெரிந்துகொள்வார்கள். இப்படிப்பட்ட சங்கத்துக்குச் செயலாளராக இருப்பதைப் பெருமை என்று நினைத்தவர் தங்கப்பழம். அந்த மனிதரைத் தன் தலையில் கட்டிவைத்ததைத் திரவியக்கனி இருபது வருஷமாக மன்னிக்கவில்லை.

அவளுக்கென்று ஊருக்கு மேற்கே வாய்க்கால் கரையில் ஒரு கொடிக்கால் இருந்தது. அப்பா சீதனமாகக் கொடுத்த தரிசில் அவளே அகத்தி மரங்களை வரிசை வரிசையாக வளர்த்து, அவற்றின் மேல் வெற்றிலைக் கொடியை ஏற்றிக் கட்டினாள். தங்கப்பழத்தின் நெல்வயல் உப்புப் பூத்துக் கிடந்த காலம் முழுக்க அந்த வெற்றிலைதான் வீட்டில் உலை வைத்தது. "நான் ஒங்க சோத்தத் திங்கல" என்று புருஷன் முகத்துக்கு நேரே சொல்ல முடிகிற சுகம் இருக்கிறதே, அது அந்தக் கொடிக்கால் கொடுத்தது. வெற்றிலை விலையைவிட அது அவளுக்குப் பெரிது.

நெல்வயல்கள் ஊருக்குக் கிழக்கே. அதற்கும் கிழக்கே கடல். அது ஒரு காலத்தில் மரியாதையாகத் தொலைவில் இருந்தது. பிறகு ஒவ்வொரு கோடையிலும் ஆற்று வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே வந்து வயலில் உப்பை வைத்துவிட்டுப் போனது. தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கிற பருவத்தில் மண்ணோடு மடக்கி உழுதால் உப்பு தணியும், மண் உயிர் பிடிக்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்ய? டீசல் டிராக்டருக்குத் தடை வந்துவிட்டது. பேட்டரி டிராக்டர் அந்தச் சேற்றில் இறங்கினால் ஏறாது. காலால் மிதித்து மடக்க ஊரில் ஆள் இல்லை. விதைத்த பூண்டு முற்றி விறகாகி நிற்பதைப் பார்த்துக்கொண்டு, சங்கம் மாதாமாதம் கூடி டீ குடித்தது.

அப்போதுதான் கம்பெனி வந்தது. வெள்ளைச் சட்டை போட்ட ஒரு முனைவரை அனுப்பியது. பெயர் இளமாறன், கோயம்புத்தூர்ப் பக்கம். பேசத் தொடங்குமுன் மூன்று முறை தொண்டையைச் செருமினான். பெண்கள் வரிசையில் உட்கார்ந்திருந்த திரவியக்கனி அப்போதே அவனுக்கு மார்க் போட்டுவிட்டாள்.

"இதுக்கு மடங்கின்னு பேர் வச்சிருக்கோமுங்க," என்றான் அவன், ஒரு தொட்டிச் செடியைத் தூக்கிக் காட்டி. "தக்கைப்பூண்டுதான். உழ வேண்டியதில்ல. சொன்னா தானா விழுந்துரும்."

"யாரு சொன்னா?" என்று கேட்டார் சங்கத் தலைவர் குணராஜ்.

"இந்தக் குப்பிதானுங்க சொல்லும்." விரல் அளவுக் கண்ணாடிக் குப்பி ஒன்றைக் காட்டினான். "செடிகளுக்குள்ள வாசனையில ஒரு பேச்சு உண்டுங்க. ஒண்ணப் பூச்சி கடிச்சா அது ஒரு வாசம் விடும், பக்கத்துச் செடி உஷாராயிரும். நாங்க அந்தப் பேச்ச மாத்தியிருக்கோம். வரப்போரத்துல இந்தக் குப்பிய ஒடைச்சா அங்க நிக்கிற செடி, தண்டு இளகிப் படுத்துரும். படுக்கும்போது அதே வாசத்த விடும். அதக் கேட்டு அடுத்தது படுக்கும். விடியறதுக்குள்ள மொத்த வயலும் படுத்து, ஒரே வாரத்துல அழுகி உரமாயிரும்."

"அடுத்தவன் வயல் படுத்தா என் வயலும் படுக்குமோ?"

"படுக்குமுங்க. அதனாலதான் ஊரே ஒரே நாளுல செய்யணும்."

"மனுசன் மோந்தா?" என்று ஒருவர் கேட்டார். கூட்டம் சிரித்தது. திரவியக்கனி எழுந்தாள்.

"ஒருத்தன் படுத்தா எல்லாரும் படுக்குற செடியா? இந்த ஊருக்குன்னே அளவெடுத்துல்லா தச்சிருக்காவ!"

பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். தங்கப்பழம் மனைவியைப் பார்க்காமல் கூரை மின்விசிறியைப் பார்த்தார். குணராஜ் தலையாட்டினார். பிறகு என்ன, கடைசி வரிசை வரைக்கும் ஆடியது.

பூண்டு நன்றாகத்தான் வளர்ந்தது. அதைக்கூட ஒப்புக்கொள்ள அவளுக்கு மனமில்லை. இடுப்பளவு, பிறகு தோளளவு என்று கிழக்குப் பக்கம் முழுக்கப் பச்சையாக எழுந்து நின்றது. பூ வைக்கிற சமயத்துக்கு, ஆவணியில் ஒரு வெள்ளிக்கிழமை, மந்திரி வந்து தன் கையால் குப்பியை உடைப்பதாக ஏற்பாடு. ஊர் முழுக்க ஒரே பரபரப்பு. வயலை விட்டுவிட்டு எல்லாரும் பந்தலைப் பற்றிப் பேசினார்கள்.

அந்த நாட்களில் இளமாறன் கொடிக்கால் பக்கம் வர ஆரம்பித்தான். முதல் தடவை ஷூவோடு உள்ளே காலை வைத்தான்.

"ஏ, நில்லு! செருப்பக் கழத்து. இது கொடிக்காலு, ஒங்க ஆபீஸ் இல்ல."

அவன் பதறிக் கழற்றினான். வெள்ளைக் காலோடு ஈரத்தில் நின்று அகத்தி மரங்களை அண்ணாந்து பார்த்தான். "இது எத்தன வயசுங்கம்மா?"

"பொண்ணு பாக்க வந்தியா, வயசு கேக்க?"

அவன் சிரிக்கத் தெரியாமல் சிரித்துவிட்டு, நாலு இலையைப் பறித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனான். இரண்டாம் தடவை வந்து, காற்று இங்கே எந்தப் பக்கம் இருந்து வரும் என்று கேட்டான். "எனக்கு எதுத்தாப்புல நிக்கவன் வாயில இருந்துதான் வருது," என்றாள். மூன்றாம் தடவை வியாழக்கிழமை மதியம் வந்தான்.

"அம்மா, இந்த அகத்தியப் பத்தி ஒரு விஷயம் சொல்லணும். நான் சொன்னேன்னு கம்பெனிக்குத் தெரிய வேண்டாம். இதுவும் தக்கைப்பூண்டும் வந்து..."

அவள் முழுதாகக் கேட்டிருந்தால் இந்தக் கதைக்கு வேலையில்லை. ஆனால் தொண்டையைச் செருமிச் செருமிப் பேசுகிற ஆளிடம் அவளுக்குப் பொறுமை கிடையாது. ஒரு கொப்பை வளைத்து, ஒரு கை கீரையை ஒடித்து அவன் நெஞ்சில் திணித்தாள்.

"கீரதான வேணும்? கொண்டு போ. உசுர வாங்காத."

அவன் கீரையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டான். இன்னொரு முறை சொல்லியிருக்கலாம். சத்தமாகச் சொல்லியிருக்கலாம். வேலையை நினைத்தானோ, அவள் வாயை நினைத்துப் பயந்தானோ, வாய்க்கால் பாலத்தைத் தாண்டிப் போய்விட்டான். இவனை எல்லாம் யார் முனைவர் ஆக்கினார்கள் என்று நினைத்துக்கொண்டு அவள் கொடி கட்டுகிற வேலையைப் பார்த்தாள்.

வீட்டுக்கு வந்தால் தங்கப்பழம் புது வேட்டியை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார்.

"ஏட்டி, நாளைக்கு மந்திரிக்குத் தட்டு வைக்கணும். ஒங் கொடிக்கால்லேர்ந்து கொழுந்து வெத்தலையா ரெண்டு கவுளி பறிச்சிரு. தலைவர் சொல்லிட்டாரு."

"அந்தாளு மென்னு துப்புறதுக்கு எங் கொழுந்தா?"

"எல்லாரும் ஒண்ணொண்ணு குடுக்காவ. நீ மட்டும் எதுக்கு மொறைக்க? நான் தரேன்னு சொல்லிட்டேன்."

'நான் தரேன்' என்ற சொல்தான் அவளைச் சுட்டது. கோபமாக இருந்தால் அவர் மேல் சட்டியை எறிந்திருப்பாள்; வந்தது கோபமில்லை, இளக்காரம். ஒரு குப்பி உடைக்க ஒரு மந்திரி, அவனுக்கு ஒரு பந்தல், அதில் நிற்க இவருக்கு ஒரு வேட்டி! விடிந்து பந்தலில் இவர்கள் எல்லாரும் உட்கார்ந்திருக்கும்போது, விழவைக்க ஒரு செடிகூட நிற்காவிட்டால் எப்படி இருக்கும் என்று நினைத்தாள். நினைக்கவே குளிர்ச்சியாக இருந்தது.

குப்பிகள் அவள் வீட்டில்தான் இருந்தன. குளிரில் வைக்க வேண்டும் என்று கம்பெனி சொல்ல, செயலாளர் பெருமையோடு பெட்டியைக் கொண்டுவந்து ஃபிரிட்ஜில் வைத்திருந்தார். அவர் இஸ்திரியை முடித்துவிட்டுப் பந்தலைப் பார்க்கப் போனதும், அவள் ஒரு குப்பியை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு, அரிவாளும் கையுமாகப் புல்லறுக்கப் போகிறவள்போல் கிழக்கே நடந்தாள். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. பகலெல்லாம் மேற்கே இருந்து அடித்த மேல்காற்று நின்று, கடல்காற்று ஊரைப் பார்த்து வீச ஆரம்பித்திருந்தது. முகத்துக்கு இதமாக இருந்தது, அவ்வளவுதான் அவள் கவனித்தது.

வரப்பில் ஒரு கல் மேல் வைத்து அரிவாள் பிடியால் தட்டினாள். பச்சை மொச்சையை உரித்தால் வருகிற வாசனை. முதல் வரிசைப் பூண்டுகள் இலையை மூடின. தண்டு குழைந்தது. மெல்ல, மிக மெல்ல, முழங்கால் மடிந்த மாதிரி படுத்தன. பின்னால் இருந்தவை ஒன்றைப் பார்த்து ஒன்று படுத்தன. சங்கக் கூட்டம் மாதிரியே இருந்தது. அவள் வாய்விட்டுச் சிரித்துவிட்டு வீட்டுக்குப் போய் நிம்மதியாகச் சாப்பிட்டுப் படுத்தாள்.

காலையில் ஊர் வயலோரத்தில் நின்று தலையில் கைவைத்தது. கண்ணுக்கெட்டிய தூரம் பாய் விரித்த மாதிரி பூண்டு படுத்துக் கிடந்தது. இளமாறன் வயலைப் பார்க்கவில்லை. மேற்கே திரும்பி மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். திரவியக்கனி புருஷன் முகத்தைப் பார்க்கவென்றே வந்திருந்தாள். அது வெளுத்துத்தான் இருந்தது. ஆனால் மந்திரியின் கார் வந்து நின்றதும் தங்கப்பழம் வேட்டியைச் சரிசெய்துகொண்டு முன்னால் போனார்.

"ஐயா காத்துக்கிட்டு நிக்கக் கூடாதுல்லா? அதான் ராத்திரியே ஒடைச்சு, முடிஞ்ச வேலையா ஐயா காலடியில போட்டுட்டோம்."

"ஒரே ராத்திரியிலயா!" என்று மந்திரி வியந்தார். கேமராக்கள் படுத்த பூண்டைப் படம் பிடித்தன. தலைகள் ஆடின. யாரோ ஒருத்தி வீட்டு வெற்றிலையை மந்திரி மென்றார். இருபது வருஷத்தில் முதல் முறையாகப் புருஷன் ஒரு காரியத்தைச் சாமர்த்தியமாகச் செய்தார், அதுவும் அவளைத் தோற்கடித்து. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கார்கள் போய், பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தபோது மேற்கே இருந்து ஒரு பெண் அலறிக்கொண்டு ஓடிவந்தாள். "யக்கா, அகத்தி சாயுது! எல்லார் கொடிக்காலும் சாயுது!"

திரவியக்கனி ஓடினாள். செருப்பைக் கழற்ற மறந்து உள்ளே ஓடினாள். அகத்தி இலைகள் எல்லாம் மூடியிருந்தன. தண்டைத் தொட்டால் வேகவைத்த கிழங்குபோல் விரல் இறங்கியது. பிடித்து நிறுத்தப் பார்த்தாள். ஒன்றைப் பிடித்தால் பக்கத்தது சாய்ந்தது. கொடிகளோடு, கொடிகளின் எடையோடு, வரிசை வரிசையாக அவள் கண்முன் வந்து படுத்தன. அவள் நடுவில் உட்கார்ந்து மண்ணில் அடித்துக்கொண்டு அழுதாள். வாய்க்கால் நெடுக, அறுபது குடும்பத்துக் கொடிக்கால்களிலும் அதே அழுகைச் சத்தம் கேட்டது.

அகத்தியும் தக்கைப்பூண்டும் ஒரே குடும்பம். பூண்டின் பேச்சு அகத்திக்கும் கொஞ்சம் புரியும். காலை மேல்காற்றில் உடைத்திருந்தால் வாசனை கடலுக்குப் போயிருக்கும்; மாலைக் கடல்காற்று அதை மொத்தமாக மேற்கே அள்ளிக்கொண்டு வந்து கொட்டியது. இதைத்தான் அவன் மூன்றாம் தடவை வந்து சொல்லப் பார்த்தான். அந்த நாலு இலையை எதற்குப் பறித்தான் என்று அவளுக்கு இப்போது புரிந்தது. புரிந்து ஒரு மரமும் எழுந்து நிற்கப் போவதில்லை.

அடுத்த வாரம் சங்கத்தில் கூட்டம். கம்பெனியின் மண்டல மேலாளர் வந்திருந்தாள், சாதனா என்று பெயர். வந்ததும் கைகூப்பினாள். துக்க வீட்டுக்கு வந்தவள்போல் முகத்தை வைத்துக்கொள்ள நன்றாகப் பழகியிருந்தாள்.

"எங்க பயிர்ல எந்தக் குறையும் இல்லைன்னு நிரூபணம் ஆயிடுச்சு. யாரோ தப்பான நேரத்துல, தப்பான காத்துல உடைச்சிருக்காங்க. பெட்டியில ஒரு குப்பி குறையுது. மந்திரிகிட்ட சொன்னது வெறும் சமாளிப்புன்னு உங்க செயலாளரே எழுதிக் குடுத்துட்டார். டாக்டர் இளமாறன் மூணு தடவை கொடிக்கால் பக்கம் சுத்தினதைப் பார்த்தவங்க இருக்காங்க. வியாழக்கிழமையும் போயிருக்கார். அனுமதி இல்லாம சோதனை பண்ணியிருக்கார்னு நாங்க முடிவுக்கு வந்திருக்கோம்."

இளமாறன் சுவரோரம் நின்றான். "நான் ஒடைக்கலீங்க," என்றான். தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னதால் அது பொய்போலவே கேட்டது.

"நஷ்டஈடு வருமா?" என்று குணராஜ் விஷயத்துக்கு வந்தார்.

"எங்க ஊழியர் தப்புன்னா காப்பீடு முழுசாத் தரும். வேற யாராவது வெளியாள் வேலைன்னா நாங்க பொறுப்பில்ல. அப்புறம் அது ஊர்க்காரங்களுக்கும் போலீஸுக்கும் நடுவுல."

பிறகு குணராஜ் மெதுவாகத் தலையாட்டினார். "நானும் பாத்தேன், இவன் அங்கனதான் நின்னான்." அடுத்தவரும் பார்த்திருந்தார். அதற்கடுத்தவரும். வியாழக்கிழமை ஊரில் இல்லாத ஒருவர்கூடப் பார்த்திருந்தார். கம்பெனிக்குத் தன் பயிர் சுத்தமாக வேண்டும், ஊருக்குப் பணம் வேண்டும், இரண்டுக்கும் நடுவில் அவன் ஒருவன் வாகாக நின்றான்.

திரவியக்கனி மனசுக்குள் கணக்குப் போட்டாள். அவள் கொடிக்காலுக்கும் பணம் வரும். அது வந்தால் மறுபடி அகத்தி போடலாம். வராவிட்டால் இனிமேல் வாழ்நாள் முழுக்கத் தங்கப்பழம் போடுகிற சோறு. இதெல்லாம் அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. தெரிந்தும் எழுந்துவிட்டாள். நியாயத்துக்காக எழுந்தாள் என்று சொன்னால் அவளே சிரிப்பாள். இத்தனை பேர் ஒன்றாகப் படுப்பதைப் பார்த்துக்கொண்டு உட்கார அவளால் முடியவில்லை.

"நிறுத்துங்க! குப்பிய ஒடைச்சது நான்."

எல்லாரும் திரும்பினார்கள்.

"எவ வீட்டு ஃபிரிட்ஜுல இருந்துச்சு? எங்க வீட்டுல. எடுத்துட்டுப் போயி அரிவா பிடியால தட்டுனேன். ஒங்க மந்திரி மூஞ்சியில கரியப் பூசணும்னு செஞ்சேன். இவனா ஒடைச்சான்? இவனுக்கு ஒரு வாக்கியத்த ஒழுங்கா முடிக்கத் தெரியாது. இவன் என்ட்ட அகத்தி சாவும்னு சொல்லத்தான் வந்தான். நான் கேக்கல. என்னப் பிடிச்சுக் குடுங்க."

இளமாறன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். மேலாளரின் துக்க முகம் ஒரு கணம் கலைந்தது. திரவியக்கனி சொன்னது உண்மை என்று கூட்டத்தில் பாதிப் பேருக்காவது அந்த நொடியில் தெரிந்திருக்கும். அவள் வாயை இந்த ஊருக்குத் தெரியும். அது கெட்ட வாய், ஆனால் பொய் சொல்லாத வாய்.

தங்கப்பழம் மேசைக்குப் பின்னால் இருந்து எழுந்தார். நிதானமாகத் துண்டை உதறித் தோளில் போட்டார். கூடம் முழுக்கக் கேட்கும்படி கேட்டார்:

"கம்பெனிக்காரி ஒனக்கு என்ன குடுத்தா?"

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. "என்ன கேக்கிய?"

"வெளியாள்னு ஆயிட்டா அவங்க ஒரு பைசா குடுக்க வேண்டாம். அதுக்குத்தான இந்த நாடகம்? அறுவது குடும்பம் வயித்துல அடிக்கியே, ஒனக்கு என்ன கெடைச்சுது?"

அது போதுமாக இருந்தது. "அதான பாத்தேன்!" என்றது ஒரு குரல். "கூடப் பொறந்தவ மாதிரி பழகுனியே மைனி!" என்று ஒருத்தி அழுதாள். "விலை போயிட்டா!" என்று பின்வரிசை கத்தியது. மேலாளர், தான் யாருக்கும் எதுவும் கொடுக்கவில்லை என்று கைகளை ஆட்டினாள். அதையும் யாரும் நம்பவில்லை, அதனால் அவளுக்கு நட்டமும் இல்லை. திரவியக்கனி திரும்பத் திரும்பக் கத்தினாள். வாழ்நாளில் முதல் தடவையாக அந்தக் கூடத்தில் அவள் பேச்சைக் கேட்டு யாரும் சிரிக்கவுமில்லை, பயப்படவுமில்லை. இளமாறனைக் கம்பெனி வேனில் ஏற்றினார்கள். ஏறும்போது அவளைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தான், வழக்கம்போல முடிக்கவில்லை.

வாய்க்கால் கரை வழியாகத் தங்கப்பழமும் அவளும் வீட்டுக்கு நடந்தார்கள். கொடிக்கால்களில் இருந்து அழுகல் வாடை வந்தது. மடங்கி நன்றாகவே வேலை செய்திருந்தது; அகத்தியும் வெற்றிலையும் சேர்ந்து கரிய உரமாகிக்கொண்டிருந்தன.

"நான் வாங்குனேன்னு மெய்யாவே நெனைக்கியளா?" என்று கேட்டாள்.

"இல்ல," என்றார் தங்கப்பழம். "அன்னைக்கு ராத்திரியே பெட்டியில ஒண்ணு இல்லங்கது எனக்குத் தெரியும். ஒஞ் சேலையில அந்த மொச்ச வாட வேற அடிச்சுது."

அவள் நின்றுவிட்டாள்.

"அகத்தி சாவுமுன்னும் தெரியுமா?"

"டாக்டர் சொன்னாரு. காலையில மேகாத்துல ஒடைச்சா ஒண்ணும் ஆவாதுன்னாரு. ஒனக்குச் சொன்னா நீ ஊரக் கூட்டிருவ. அதான் வெள்ளிக்கெழம கழியட்டும்னு இருந்தோம்."

"அந்தப் பையன ஜெயில்ல போட்டுருவாங்களே!"

"ஒரு ஆளு மடங்குனா அறுவது வீடு பொழைக்குதுல்லா? அதுல நம்ம வீடும் ஒண்ணு. நீ ஜெயிலுக்குப் போயிட்டா கொடிக்கால யாரு போடுவா, நானா?" என்று சொல்லிவிட்டு அவர் நடந்தார். குரலில் கோபமும் இல்லை, பாசமும் இல்லை. சங்கத்தில் தீர்மானம் வாசிக்கிற குரல்தான்.

நாளைக்கு டவுனுக்குப் போய்ப் போலீஸில் சொல்லலாம், பத்திரிகைக்காரர்களைக் கூப்பிடலாம், நடுத்தெருவில் நின்று இவரை நாறடிக்கலாம் என்று அவள் நினைத்தாள். நினைத்துக்கொண்டிருக்கும்போதே உள்ளே ஒன்று மெல்ல இளகியது. தப்பித்தோம், அகத்தி மறுபடி போடலாம். அந்த நிம்மதியை அவள் துல்லியமாக உணர்ந்தாள். இந்த ஊரில் இத்தனை வருஷம் எத்தனையோ பேரைக் காறித் துப்பியிருக்கிறாள். இவ்வளவு கேவலமான ஒன்றை அவள் யாரிடமும் பார்த்ததில்லை.